ஓவனின் மூலப் படிவம்: ஒரு மதிப்பீடு

ரிச்சர்ட் ஓவன் 1849இல் வெளியிட்ட ‘கைகால்களின் இயல்பு குறித்து’ என்னும் நூல், மனிதனின் கை, வௌவாலின் சிறகு, திமிங்கிலத்தின் துடுப்பு ஆகியவற்றில் ஒரே எலும்பமைப்பைக் காட்டிற்று. பயன் வேறாயிருந்தும் அமைப்பு ஒன்றாயிருப்பதைப் பயனைக் கொண்டு மட்டும் விளக்கவியலாது என்ற அவரது வாதம் இன்றும் வலுவுடையதே. ஆயினும் அவ்வொற்றுமையைக் கடவுளின் சிந்தையிலிருந்த மாறாத மூலப் படிவமென அவர் கொண்டதை நாம் ஏற்பதற்கில்லை.

கருவில் கைகால்களை உருவாக்குவதில் பங்குகொள்ளும் ‘சோனிக் ஹெட்ஜ்ஹாக்’ என்னும் மரபணு பாம்பிலும் உண்டு. மாறியிருப்பது, கைகால் அரும்பில் அதனை இயக்கும் டி.என்.ஏ. பகுதியாகும். மனிதனில் அப்பகுதி ஏறத்தாழ 10 லட்சம் எழுத்துகளுக்கு அப்பால் அமைந்துள்ளது. 2016இல் வெளியான ஆய்வொன்றில், சுண்டெலியின் அப்பகுதிக்குப் பதிலாகப் பாம்பினுடையதை வைத்தபோது கால்கள் மிகக் குறுகின. மீனினுடையதை வைத்தபோதோ இயல்பாக வளர்ந்தன. ஆகவே, ஓவன் கண்ட பொதுத் திட்டம் காலங்கடந்த அச்சன்று. வழிவழியாய் வந்து மாறிய மரபாகும்.

இதனால் படைப்பைப்பற்றிய நம் விசுவாசம் குன்றுமோ? தாயின் கருவில் தான் உருவானதைப் பாடும் 139ஆம் சங்கீதக்காரன் அதன் முறையை விளக்க முற்படவில்லை, படைத்தவரைத் துதிக்கிறான். அறிவியல் விளக்காத இடத்திலே கடவுளை நிறுத்தும் பிரசங்கம், விளக்கம் கிடைத்த நாளில் சபையைத் தடுமாறச் செய்யும். ஓவனின் நூலை இவ்வெச்சரிக்கையோடு கற்பது நம் குருமாணவர்க்குப் பயன் தரும்.