'ஹெல்ப்' இல்லை, 'கெல்ப்'

நிக்கி ஃபிரெஞ்ச் என்று தனியாக ஒரு ஆள் கிடையாது. நிக்கி ஜெரார்ட், ஷான் ஃபிரெஞ்ச் என்ற இங்கிலாந்துத் தம்பதி சேர்ந்து எழுதுவதற்காக வைத்துக்கொண்ட பெயர் அது. அவர்களுடைய மூன்றாவது நாவல் 'கில்லிங் மீ சாஃப்ட்லி', 1999-இல் வந்தது. புருஷனைக் கண்டு பயப்படத் தொடங்கும் ஒரு பெண்ணின் கதையை ஒரு புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள் என்பதே எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது.

முடிவைச் சொல்லாமல் இந்த நாவலைப் பற்றி உருப்படியாக எதுவும் பேச முடியாது. படிக்கும் எண்ணம் உள்ளவர்கள் இந்தப் பத்தியோடு எழுந்துவிடலாம்.

ஆலிஸ் லௌடன் லண்டனில் ஒரு மருந்துக் கம்பெனியில் விஞ்ஞானி. கருத்தடைச் சாதனம் ஒன்றை மேம்படுத்தும் திட்டத்தில் வேலை. ஜேக் என்ற நல்ல பையனோடு வாழ்க்கை, கூடவே ஒரு நண்பர் கூட்டம். ஒருநாள் தெருவில் ஒருவன் அவளைப் பார்க்கிறான், இவளும் பார்க்கிறாள், அவ்வளவுதான். ஜேக் போகிறான், நண்பர்கள் போகிறார்கள். சீக்கிரமே கல்யாணமும் ஆகிறது. வந்தவன் பெயர் ஆடம் டாலிஸ், மலையேறி. சுங்காவாட் என்ற இமயச் சிகரத்தில் (கற்பனைச் சிகரம்தான்) புயலில் சிக்கியவர்களை மீட்டு நாயகன் ஆனவன். அந்தப் புயலில் செத்தவர்களில் ஒருத்தி ஃபிரான்ஸ்வாஸ், அவனுடைய முன்னாள் காதலி.

இந்த நாவல் வந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். 1996 மே மாதம் எவரெஸ்ட்டில் புயலில் எட்டுப் பேர் இறந்தார்கள். காசு கட்டி மலையேறும் வாடிக்கையாளர்களை அழைத்துப்போன ராப் ஹால், ஸ்காட் ஃபிஷர் இருவரும் அதில் போய்விட்டார்கள். அடுத்த வருஷமே ஜான் கிராக்கர் 'இன்டு தின் ஏர்' எழுதினார். அதில் குறை சொல்லப்பட்ட வழிகாட்டி அனடோலி பூக்ரீவ் தன் தரப்பை 'தி கிளைம்ப்' என்று தனிப் புத்தகமாகக் கொண்டுவந்தார். யார் யாரை விட்டுவிட்டு இறங்கினார்கள், உச்சிக்குக் கொஞ்சம் கீழே கட்டியிருக்க வேண்டிய கயிறு ஏன் நேரத்துக்குக் கட்டப்படவில்லை என்றெல்லாம் மலைப்பக்கமே போகாதவர்களும் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சூட்டில்தான் இந்தக் கதை பிறக்கிறது. விபத்து என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒன்றுக்குள் ஒரு கொலை ஒளிந்திருந்தால்? உயரத்தில் காற்றில்லாமல் மூளை மந்தமாகி, கண் எதிரே ஒன்றும் தெரியாமல் நிற்கும்போது, யார் என்ன செய்தார்கள் என்று யாரால் சாட்சி சொல்ல முடியும்?

கொலையின் யந்திரம் ரொம்ப எளிமையானது. அனுபவம் இல்லாத வாடிக்கையாளர்கள் வழி தவறக்கூடாது என்று குழுத்தலைவன் கிரெக் ஒரு ஏற்பாடு செய்கிறான். இறங்கும் வழி நெடுக, நிறம் நிறமாக நிலைக்கயிறுகள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தால் முகாமுக்கு வந்துவிடலாம். மஞ்சள் கயிறு மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் போகிறது. அந்தக் கூட்டம் தப்பான பக்கம் இறங்கிச் சாகிறது. எல்லோரும் புயலையும், பிறகு கிரெக்கையும் குறை சொல்கிறார்கள். மலையேற்றத்தில் நம்பிக்கை என்றால் கயிறுதான், வேறு ஒன்றும் இல்லை. முகம் தெரியாத யாரோ கட்டிய முடிச்சின் மேல் முழு உடம்பையும் தொங்கவிடுகிறோம். காதலை மையமாக வைத்த ஒரு நாவலுக்கு இதைவிடப் பொருத்தமான கொலைக்கருவி கிடைக்காது. நல்லவேளை, ஆசிரியர்கள் இந்த ஒப்புமையை வாய்விட்டுச் சொல்வதில்லை.

இனி தலைப்பு விஷயம். செத்தவர்களில் ஒருவன் தோமஸ் பென், ஜெர்மன்காரன். கடைசி மூச்சில் அவன் முனகியது 'ஹெல்ப்', உதவி கேட்டான் என்று எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள், புத்தகத்திலும் அப்படியே பதிவாகிறது. ஆலிஸ்தான் யோசிக்கிறாள்: ஆங்கிலம் சரியாக வராத ஜெர்மன்காரன் சாகும்போது எதற்கு ஆங்கிலத்தில் பேசப்போகிறான்? அவன் சொன்னது 'கெல்ப்'. ஜெர்மனில் மஞ்சள். உதவி கேட்கவில்லை, சாட்சி சொல்லியிருக்கிறான்.

மஹாத்மாவை மகாத்மா ஆக்கிய நமக்கு ஹ-வுக்கும் க-வுக்கும் உள்ள தூரம் ரொம்பக் குறைவு. ஆனாலும் எனக்கு முன்கூட்டியே பிடிபடவில்லை. துப்பறியும் கதைகளில் இதைவிடச் சிக்கலான தடயங்கள் நிறைய உண்டு. இது மனதில் நிற்பதற்குக் காரணம், நாவல் முழுக்க இதே காரியம் நடப்பதுதான். ஆடம் தன்னை பலாத்காரம் செய்தான் என்று ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அதை நிராகரிக்கப்பட்ட பெண்ணின் ஆத்திரம் என்று மொழிபெயர்த்துக்கொண்டது உலகம். அடேல் என்ற பழைய காதலி காணாமல் போனாள். அவளாகவே எங்கோ போய்விட்டாள் என்று ஆயிற்று. ஆலிஸ் போலீஸுக்குப் போகும்போது, மனநிலை சரியில்லாத மனைவி என்கிறார்கள். எல்லோரும் சொன்னார்கள். கேட்டவர்கள் தங்கள் பாஷையில் கேட்டுக்கொண்டார்கள்.

ஆலிஸும் முதல் பாதியில் அதைத்தான் செய்கிறாள். ஆடம் ஒரு வழிப்பறிக்காரனை விரட்டிப் பிடித்து நையப்புடைக்கிறான்: வீரம். அவளைச் சுற்றி ஒருவரையும் மிச்சம் வைக்காமல் செய்கிறான்: காதலின் தீவிரம். அவள் கழுத்தில் அவன் கை: அதற்கும் ஒரு பெயர் இருக்கிறது. 'ரொம்பப் பொஸஸிவ்' என்று பெருமையோடு சொல்லிக்கொள்பவர்களை நாம் எல்லோருமே பார்த்திருப்போம். நாவலின் சாமர்த்தியம், கதையை ஆலிஸின் வாயாலேயே சொல்ல வைத்ததில் இருக்கிறது. அவள் அசட்டுப்பெண் இல்லை, படித்தவள், கெட்டிக்காரி. நாமும் அவளோடு மயங்கித்தான் அந்தப் பக்கங்களைப் படிக்கிறோம்.

காதலன் கொலைகாரனா என்ற கேள்வியை வைத்து நிறைய நாவல்கள் உண்டு. மேரி ஸ்டூவர்ட் 1956-இல் எழுதிய 'வைல்ட்ஃபயர் அட் மிட்நைட்' இதற்கு நெருங்கிய சொந்தம். ஸ்கை தீவின் மலைகள், 1953, எவரெஸ்ட்டை எட்டிய செய்தி வரும் சமயம், முன்னாள் கணவன் மேல் சந்தேகம். ஆனால் கடைசியில் கொலைகாரன் வேறு ஒருவன், கணவன் திரும்பக் கிடைக்கிறான். நல்ல கதைதான், எனக்குப் பிடிக்கும். ஆனால் அங்கே சந்தேகம் என்பது காதலை இன்னும் ருசியாக்கும் உப்பு மட்டுமே. நிக்கி ஃபிரெஞ்ச் அந்தச் சலுகையைத் தருவதில்லை. சந்தேகம் சரி. அவன்தான் செய்தான்.

சினிமாவுக்கு இது ஜீரணம் ஆவதில்லை. ஃபிரான்சிஸ் ஐல்ஸ் 1932-இல் எழுதிய 'பிஃபோர் தி ஃபேக்ட்' நாவலில் கணவன் கொலைகாரன். ஹிட்ச்காக் 1941-இல் அதை 'சஸ்பிஷன்' ஆக எடுத்தபோது, கேரி கிராண்ட் கொலை செய்வதாவது என்று எல்லாம் மனைவியின் கற்பனையாகிவிட்டது. அதற்கு முந்தைய வருஷம் 'ரெபெக்கா'வில், நாவலின் கொலை படத்தில் விபத்தாக மாறியது. அன்றைக்குத் தணிக்கை விதிகள் இருந்தன, சரி. 2002-இல் சென் கைகே 'கில்லிங் மீ சாஃப்ட்லி'யைப் படமாக எடுத்தபோது எந்த விதி தடுத்தது? ஆடமாக ஜோசப் ஃபியன்ஸ், ஆலிஸாக ஹீதர் கிரஹாம். படத்தில் கொலைகாரி ஆடமின் அக்கா டெபோரா! தம்பி மேல் தகாத ஆசையாம். கழுத்தைப் பிடித்த கைக்கு மன்னிப்பு, பழி இன்னொரு பெண் மேல். அமெரிக்காவில் படம் தியேட்டருக்கே வராமல் நேராக வீடியோவுக்குப் போனது. எனக்கு வருத்தம் இல்லை.

நாவலிலும் குறைகள் உண்டு. ஆடம் கடைசிவரை ஒரு உருவமாக இருக்கிறானே தவிர ஆளாக ஆவதில்லை. ஏன் ஏறுகிறான், மேலே என்ன கிடைக்கிறது என்று அவன் வாயால் நாலு வார்த்தை உருப்படியாக வருவதில்லை. மலையும் பெரும்பாலும் புத்தகங்கள், வரைபடங்கள், பேட்டிகள் வழியாகத்தான் வருகிறது. ஆலிஸ் லண்டனில் உட்கார்ந்து படித்தே கண்டுபிடிக்கிறாள் என்பதால் அதை ஏற்கலாம். ஏற்க முடியாதது வேறு. இமயத்தில் கயிறு கட்டுவது, முளை அடிப்பது, சுமை தூக்குவது எல்லாம் பெரும்பாலும் ஷெர்பாக்கள் செய்யும் வேலை. கயிற்றையே மையமாக வைத்த இந்தக் கதையில் நினைவில் நிற்கும்படி ஒரு ஷெர்பா கூட இல்லை. மஞ்சள் கயிறு பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஆலிஸுக்குப் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.