காதலும் கையாடல்தான்

தமிழில் கொள்ளைப் படம் எடுப்பவர்களுக்குக் காதல் ஒரு தலைவலி. கதாநாயகி இல்லாவிட்டால் படம் விலைபோகாது. அவள் வந்துவிட்டால் கொள்ளை நின்றுபோகும். இந்தச் சிக்கலை யார் எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தாலே இந்த வகைமையின் சரித்திரம் கிடைத்துவிடும்.

மணிரத்னத்தின் ‘திருடா திருடா’ (1993) 1000 கோடி ரூபாய் நோட்டுகளைத் துரத்துகிற படம். ஓட்டத்துக்கு நடுவே வாத்தியமே இல்லாமல், குரல்களை மட்டும் நம்பி ‘ராசாத்தி’ பாட்டு வரும். இசையமைப்பாளர் ரகுமான் புண்ணியத்தில் கதை நின்றதை யாரும் பொருட்படுத்தவில்லை. ‘மங்காத்தா’ (2011) கறாரான படம்: 500 கோடி சூதாட்டப் பணத்துக்குப் போகும் வழியில் காதலி ஒரு வாசல், அவ்வளவுதான். ‘சூது கவ்வும்’ (2013) ஆள்கடத்தல் கதை, ஆனாலும் இந்த வகைக்குச் சொந்தம்தான். அங்கே காதலியே கடத்தல்காரன் தாஸின் மனப்பிரமை.

தேசிங்கு பெரியசாமியின் ‘கண்ணும் கண்ணும் கொள்ளையடித்தால்’ பெயரை ‘திருடா திருடா’ பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. வழியை அதனிடம் கேட்கவில்லை. துல்கர் சல்மானும் ரக்‌ஷனும் ஆன்லைனில் வாங்கிய பொருளில் உள்ளே இருப்பதை மாற்றிவிட்டுத் திருப்பி அனுப்பும் ஆசாமிகள். தாராசுரத்துக்காரனான எனக்கு இது புதுக் கதை அல்ல. கும்பகோணத்தைத் தாண்டினால் சிவபுரம். 1950களில் அந்த ஊர் நடராஜர் சிலையைப் பழுதுபார்க்கக் கொடுத்தார்கள். திரும்பி வந்தது நகல். அசல் அமெரிக்காவில் கலைப்பொருள் சேகரிப்பாளர் நார்ட்டன் சைமன் கைக்குப் போய், வழக்கு நடந்து, 1986இல்தான் நாடு திரும்பியது. நகலுக்கு முன்னால் ஊர் நம்பிக்கையோடு கும்பிட்டுக்கொண்டிருந்தது.

படம் நமக்குச் செய்வதும் அதுவேதான். பையன் பார்க்கிறான், மயங்குகிறான், பின்னாலேயே போகிறான், பெண் மெல்ல இளகுகிறாள். ஆயிரம் தடவை பார்த்த காதல். ‘சரி, காதல் போர்ஷன்’ என்று நாம் சாய்ந்து உட்காரும்போது காதலி மீராவும் அவள் தோழி ஸ்ரேயாவும் பணத்தோடு மறைந்துவிடுகிறார்கள். 2020 பிப்ரவரி 28இல் வந்த படம். மார்ச் நடுவில் கொரோனாவால் தியேட்டர்களை மூடினார்கள். வீட்டிலேயே மறுபடி போட்டுப் பார்த்தவர்களுக்கு அது ஒரு வகையில் லாபம். மீராவாக வரும் ரீத்து வர்மா தலையைக் குனிகிற இடம், தயங்கிச் சிரிக்கிற இடம் எல்லாம் இரண்டாம் தடவை தொழில் நேர்த்தியாகத் தெரியும். அதைவிட விசேஷம், அதில் எது நடிப்பு, எது நிஜம் என்று அப்போதும் பிடிபடாது. ‘மின்னலே’யும் ‘விண்ணைத்தாண்டி வருவாயா’வும் எடுத்த கௌதம் மேனன் இங்கே இந்தக் காதலர்களைத் துரத்தும் போலீஸ் அதிகாரி, தேர்வு செய்தவர் குறும்புக்காரர்.

இரண்டாம் பாதி கொஞ்சம் தளர்கிறது. அவ்வளவு பெரிய துரோகத்துக்கு மன்னிப்பு இத்தனை மலிவாகக் கிடைத்திருக்க வேண்டாம். ஆனால் நால்வரும் ஒரே வேலையில் இறங்கியதும் படம் நிமிர்ந்துவிடுகிறது. ஏமாற்றியவளின் திறமையை நம்பித்தான் ஏமாந்தவன் அடுத்த அடி எடுத்துவைக்க வேண்டும். முதல் பாதியில் அத்தனை பார்வைகளும் பாட்டும் சேர்ந்து தராத நெருக்கம் அங்கேதான் வருகிறது.