ஆரம்ப வகுப்பில் வலையொலி

கல்வியின் வாயில்களுள் செவியே முதலாவது. எழுத்தறியாக் குழந்தை தன் மொழியைச் செவியாற் பெற்றுக்கொண்டே பள்ளி புகுகின்றது. புகுந்தபின்னரோ, ஏட்டிற்கும் எழுத்திற்கும் அளிக்கப்படும் மதிப்புக் கேட்டலுக்கும் பேசுதலுக்கும் அளிக்கப்படுவதில்லை. ஆசிரியர் பேசுபவர், மாணாக்கர் எழுதுபவர் என்னும் பிரிவு பல வகுப்புகளில் எழுதாச் சட்டமாக நிலைத்துவிட்டது. இப்பிரிவினை நீக்கவல்ல கருவியென இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பெரிதும் புகழப்பட்டது பொட்காஸ்ட் எனப்படும் வலையொலியாகும். அப்புகழ்ச்சி எத்துணைத் தகுதியுடையது என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

வலையொலியாவது, பேச்சினை ஒலிக்கோப்பாகப் பதிந்து, தொடர் நிகழ்ச்சியாக இணையவழி வெளியிடுதல். 2004ஆம் ஆண்டு பெப்ரவரியில் ‘கார்டியன்’ பத்திரிகையில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையொன்றிலே அதன் ஆங்கிலப் பெயர் முதன்முதலாக அச்சில் வந்தது. மறுவருடமே அச்சொல் அமெரிக்காவிற்கான புதிய ஒக்ஸ்போர்ட் அகராதியாரால் ஆண்டின் சொல்லாகத் தெரிவு செய்யப்பட்டது. பாடசாலைகளுக்கு ஒலிவழிப் பாடம் இதனாற் புதிதாக வந்ததன்று, இங்கிலாந்தின் பி.பி.சி. வானொலி 1924ஆம் ஆண்டிலேயே பள்ளி ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆயினும் வானொலி குறித்த வேளையில் ஒருமுறை ஒலித்து மறையும். வலையொலியோ வேண்டியபோதெல்லாம் மீளக் கேட்க இடந்தரும். வானொலி நிலையம் அமைத்தல் ஒரு பாடசாலையால் எளிதில் இயலாது. வலையொலிக்கோ ஒரு கணினியும் ஒலிவாங்கியும் போதும். ஆகவே இதுவரை கேட்போனாக மட்டும் இருந்த சிறுவன் உரைப்போனாகவும் ஆகும் வழி திறந்தது.

இவ்வழியில் முன்னே சென்றோருள், ஐக்கிய அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்து ஓமகா நகரிலுள்ள வில்லோடேல் ஆரம்பப் பாடசாலையார் குறிப்பிடத்தக்கவர். அங்கே டோனி வின்சென்ட் என்னும் ஆசிரியரின் வழிகாட்டலில் 2005ஆம் ஆண்டு ‘ரேடியோ வில்லோவெப்’ என்னும் நிகழ்ச்சி தொடங்கப்பட்டது. அது சிறுவரால் சிறுவர்க்கென அமைந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சியையும் ஒவ்வொரு வகுப்பு ஏற்று, தான் கற்ற பொருளைச் சிறு சிறு பகுதிகளாக வகுத்து வழங்கியது. வேறு நாடுகளிலும் இத்தகைய முயற்சிகள் தொடர்ந்து எழுந்தன.

இம்முயற்சியின் பயன் முடிந்த நிகழ்ச்சியில் உள்ளதோ, அதனை ஆக்கும் உழைப்பில் உள்ளதோ என்பதே ஈண்டு எழும் முதன்மையான வினா. நிகழ்ச்சி சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதன் பின்னே கிடக்கும் உழைப்போ பல நாட்களினது. உதாரணமாக, மழை எவ்வாறு உண்டாகின்றது என்பதை விளக்கவேண்டிய ஒன்பது வயதுச் சிறுமியை எடுத்துக்கொள்க. கண்ணெதிரே இல்லாத ஒருவர்க்கு அவள் உரைக்கவேண்டும். படம் வரைந்து காட்டவும் கையசைத்து உணர்த்தவும் இயலாது. சொல் ஒன்றே துணை. ஆகவே நீராவி, முகில், குளிர்தல் என்பவற்றை முறை பிறழாது அடுக்கவேண்டியவள் ஆகின்றாள். எழுதியதை வாய்விட்டு வாசிக்கும்போது நீண்ட வாக்கியம் மூச்சை முறிக்கின்றது, அதனை இரண்டாக்குகின்றாள். பதிந்ததைக் கேட்கும்போது விழுங்கிய சொல்லும் விரைந்த இடமும் பிறர் கூறாமலே அவளுக்குப் புலனாகின்றன, மீண்டும் பதிகின்றாள். ஆசிரியரின் சிவப்பு மையினாற் சாலாத திருத்தத்தைத் தன் குரலைத் தானே கேட்டல் சாதிக்கின்றது.

இவ்வுண்மை தமிழறிஞர்க்குப் புதியதன்று. ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்கூறே என்றும், உடன் பயில்வாரோடு பழகுதலாற் பிறிதொரு காற்கூறும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும் என்றும் பவணந்தியார் நன்னூற் பொதுப்பாயிரத்திலே வரையறுத்துள்ளார். இவ்வளவுகோல் கொண்டு நோக்கின், வலையொலிப் பாடத்தைக் கேட்டல் முதற் காற்கூறினுள் அடங்கும். குழுவாகக் கூடி அதனை ஆக்குதல் இரண்டாங் காற்கூற்றைத் தரும். பிறர் விளங்க உரைத்தலோ அரைக்கூற்றைத் தரும். எனவே மாணாக்கர்க்கு ஒலிப்பதிவுகளைக் கேட்பித்து அமையும் வகுப்பு இக்கருவியின் சிறுபகுதியையே பயன்கொண்டதாகும்.

மேனாட்டுக் கல்வி வரலாற்றிலும் இதற்கு முன்னோடி உண்டு. பிரான்சு தேசத்துப் பார்-சுர்-லூ என்னும் சிற்றூரில் ஆசிரியராயிருந்த செலெஸ்தின் பிரெனே, 1920களின் நடுப்பகுதியில் வகுப்பறையினுள் ஒரு சிறு அச்சியந்திரத்தை நிறுவினார். சிறுவர் தாம் எழுதியவற்றைத் தாமே அச்சுக்கோத்துப் பதித்து, தூரத்துப் பாடசாலைச் சிறுவர்க்கு அனுப்பினர். மதிப்பெண் இடும் ஆசிரியர்க்காகவன்றி, ஆவலோடு காத்திருக்கும் ஒரு வாசகனுக்காக எழுதும்போது சிறுவரின் எழுத்து உயிர்பெற்றது. அச்சியந்திரத்தின் இடத்தில் இன்று ஒலிவாங்கி நிற்கின்றது, தத்துவம் ஒன்றே.

இனி, குறைகளையும் மறைத்தலாகாது. முதலாவது, நாவன்மை படைத்த சிலர் மட்டும் பேச, ஏனையோர் கருவிகளைக் கவனித்துக்கொண்டு ஒதுங்கும் நிலை எளிதில் உண்டாகும். பாடசாலையின் பெயர் வெளியே செல்கின்றது என்னும் எண்ணத்தால் ஆசிரியரும் இனிய குரலையே தேடுவர். இதனால் பேச்சுப் பயிற்சி மிகவும் வேண்டப்படும் கூச்சமுள்ள பிள்ளைக்கே அது கிட்டாமற் போகும். இரண்டாவது, ஆசிரியர் எழுதிக்கொடுத்ததை மாணாக்கர் ஒப்புவித்தல். அங்கு ஒலிப்பது குழந்தையின் குரல். உரைப்பது ஆசிரியரின் கருத்து. அது பழைய மனனமே. மூன்றாவது, சிறுவரின் குரலை உலகறிய வெளியிடுமிடத்துப் பெற்றோரின் இசைவும், முழுப்பெயரும் முகவரியும் வெளிப்படாத காவலும் இன்றியமையாதன. வகுப்பினுள்ளும் பெற்றோரிடையேயும் மட்டும் பகிரப்படும் நிகழ்ச்சியும் கேட்போரை உடையதே. உலகம் முழுதும் கேட்டாற்றான் கற்றல் நிகழும் என்பதில்லை.

அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டு இவ்வாராய்ச்சியை மேலும் இன்றியமையாததாக்கின. 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றினால் உலகின் பெரும்பாலான நாடுகளிற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஒலிப்பாடங்கள் பல வீடுகளை அடைந்தன. அவை இடருற்ற வேளையில் உதவின என்பது மெய். எனினும் சிறுவர் மீண்டும் கேட்போராக மட்டுமே அமர்ந்தனர். 2024ஆம் ஆண்டு செப்டெம்பரிலோ, கொடுத்த குறிப்புகளைக் கொண்டு இருவர் உரையாடுவதுபோன்ற நிகழ்ச்சியைத் தானே ஆக்கும் வசதியைக் கூகிள் நிறுவனம் ‘நோட்புக் எல்எம்’ என்னும் கருவியில் வெளியிட்டது. தடுமாற்றமற்ற பேச்சும் ஒழுங்கான அமைப்பும் இப்போது சில நிமிடங்களில் இயந்திரத்தாற் கிடைக்கின்றன. நிகழ்ச்சியின் மெருகே கல்வியின் அளவு என்று கொள்வோர்க்கு இனிச் சிறுவரே வேண்டியதில்லை. உழைப்பே கல்வி என்று கொள்வோர்க்கோ, இயந்திரம் ஆக்கிய நிகழ்ச்சி எத்துணைச் செம்மையாயினும் ஒரு காற்கூறும் கற்பித்ததாகாது. ஏனெனில் சொற்றேடித் தடுமாறியவர் அங்கு எவருமிலர்.

ஆகவே வலையொலியை ஆரம்ப வகுப்பிற் கொள்ளலாமோ என்னும் வினாவிற்கு விடை, கொள்ளலாம். ஆனால் அதன் வெற்றியை அளக்கும் முறையை மாற்றிக் கொள்ளவேண்டும் என்பதாம். எத்தனை பேர் கேட்டனர் என்பதும் எத்துணை மெருகுடன் ஒலித்தது என்பதும் அளவாகா. பிள்ளைகள் தாமே எழுதினரா, எழுதியதைக் கேட்டுத் திருத்தினரா, வகுப்பிலே வாய்திறவாதிருந்த பிள்ளை தன் பங்கினைத் தன் சொல்லாற் கூறியதா என்பனவே அளவாகும். மழலை மாறாத குரலில், இடையிடையே தடைப்பட்டு ஒலிக்கும் நிகழ்ச்சியொன்று கேட்போர்க்குக் குறையுடையதாகத் தோன்றலாம். அக்குரல் நேற்றுவரை வகுப்பிற் கேளாத குரலாயின், அதனினும் சிறந்த நிகழ்ச்சி வேறில்லை.