ஒரே பணம், இரு அளவுகோல்கள்

மரக்காணம் உப்பளங்களில் மழைக்காலத்தில் வேலை நின்றுவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான அம்முடக்கத்திற்கென, உப்பளத் தொழிலாளர் குடும்பத்திற்கு 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2020களின் தொடக்கத்தில் கொணர்ந்தது.

சான்று ஒன்றே, தீர்ப்புகளோ இரண்டு. வெறுங்கையோடு ஒப்பிடுவோர்க்கு இது நன்மை. 92 நாள்களுக்குப் பகுப்போர்க்கு நாளொன்றுக்கு 55 ரூபாயும் தேறாது. இரண்டும் மெய்யே.

திராட்சைத் தோட்ட உவமையிலும் (மத்தேயு 20) பணம் ஒன்றே. முணுமுணுத்தோர் உழைத்த நேரத்தை அளந்தனர். வீட்டெஜமானின் அளவு வேறு.

எனவே, "வாழ்வு மலர்ந்தது" என்னும் அறிக்கையும், "பயனில்லை" என்னும் பிரசங்கமும் தம் அளவுகோலை மறைப்பதனாலேயே குறைபடுகின்றன. இரு சாராரும் ஏற்கத்தக்க சோதனை ஒன்றுண்டு: மழைமுடிவில் அக்குடும்பம் கடனின்றி உப்பளம் திரும்பியதா? அதனை வினவாமல் சபையில் சாட்சி கூறுதல் தகாது.