பள்ளி ஆசிரியரும் நாவலாசிரியரும்

தமிழிலே 'ஆசிரியர்' என்னுஞ் சொல் பாடஞ் சொல்வோருக்கும் நூல் செய்வோருக்கும் பொதுவாக வழங்குகின்றது. நன்னூற் பொதுப்பாயிரத்திலே பவணந்தி முனிவர், பாடஞ் சொல்லும் ஆசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகிய நான்கினையும் உவமையாகக் கூறினார். அவற்றுள் நிறைகோல், நடுவு நின்று பொருளின் எடையை உள்ளவாறு காட்டுவது. இக்குணம் கதை எழுதுவோருக்கும் வேண்டற்பாலதே. ஆயினும் வகுப்பறை நிறைகோலுக்கும் நாவலின் நிறைகோலுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. வகுப்பறையில் ஆசிரியர் மாணவரை நிறுக்கின்றார், தாம் நிறுக்கப்படுவதில்லை. நாவலிலோ நிறுப்பவரும் தட்டில் ஏறுதல் வேண்டும். பாடசாலைக் கடமையினின்று விடுபட்டுக் கதை எழுதப் புகும் ஆசிரியருக்கு அவ்விடுதலையாற் கிடைப்பது நேரம் மட்டுந்தானா என்னும் வினாவுக்கு விடை இவ்வேற்றுமையிலேயே அடங்கியுள்ளது. ஆங்கில நாவலாசிரியர் டி. எச். லோறன்ஸின் வரலாறு இதற்கு ஏற்ற சான்றாகும்.

லோறன்ஸ் 1885ஆம் ஆண்டு நொட்டிங்கம் பகுதியைச் சேர்ந்த ஈஸ்ற்வூட் என்னும் சுரங்க ஊரிலே, நிலக்கரித் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். மாணவ ஆசிரியராகத் தொண்டாற்றி, பின் நொட்டிங்கம் பல்கலைக் கல்லூரியில் ஆசிரியத் தராதரம் பெற்று, 1908ஆம் ஆண்டு இலண்டனை அடுத்த குரொய்டனில் டேவிட்சன் வீதிப் பாடசாலையிற் சேர்ந்தார். ஆண்டுச் சம்பளம் 95 பவுண். பகலெல்லாம் வறிய பிள்ளைகள் பலர் பயிலும் வகுப்புகளை நடத்தி, இரவிலே எழுதினார். அவருடைய முதல் நாவலாகிய 'வெண்மயில்' 1911ஆம் ஆண்டு வெளிவந்தது.

அந்நாவலை எழுதிய கை ஆசிரியரின் கை என்பதை உணர்தல் அரிதன்று. ஆனால் அதிற் பாடசாலை இல்லை. கதை கூறும் சிறில், கற்றவன். இலக்கியமும் ஓவியமும் எடுத்துக்காட்டிப் பேசுபவன். பிறருடைய காதலையும் வீழ்ச்சியையும் கரையில் நின்று காண்பவன். அவனை எவரும் கூர்ந்து நோக்குவதில்லை. வகுப்பறையை நேரே பொருளாகக் கொண்டு அக்காலத்தில் அவர் எழுதிய சிறு சித்திரங்களும் உள. அவற்றுள் ஒன்றிலே ஆமையைப் பார்த்து வரையும் பாடம் நடைபெறுகையில் அழிறப்பர்கள் காணாமற் போகின்றன. மற்றொன்றிலே இலவசக் காலையுணவுக்கு வரும் சிறுவர், தாம் வளர்க்கும் முயல்களுக்காக ரொட்டியைக் களவாடுகின்றனர். இவை உண்மை வாய்ந்தவை, இரக்கமும் உடையவை. எனினும் பிள்ளைகளின் குற்றம் ஆராயப்படும் அளவுக்கு ஆசிரியரின் உள்ளம் ஆராயப்படவில்லை. களைப்புற்ற நல்லவர் ஒருவராகவே அவர் வீடு திரும்புகின்றார். அன்றாடம் நீதி வழங்கும் பொறுப்புடைய ஒருவருக்கு அந்நீதியையே ஐயுறுதல் எளிதன்று. ஐயுற்றால் மறுநாட் காலை வகுப்பினுள் நுழைதல் அரிதாகிவிடும்.

1911ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே லோறன்ஸ் நியூமோனியாக் காய்ச்சலால் கடுமையாக நோயுற்றார். பள்ளித் தொழிலுக்கு மீளுதல் உடலுக்கு ஆகாது என்று எச்சரிக்கப்பட்ட அவர், 1912ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பதவியைத் துறந்தார். அவ்வாண்டிலேயே நாட்டைவிட்டு நீங்கி, இத்தாலியின் கார்டா ஏரிக்கரையில் இருந்துகொண்டு, 1910இல் தொடங்கிப் பன்முறை மாற்றி எழுதிய நாவலை நிறைவேற்றினார். 1913இல் வெளிவந்த 'மைந்தரும் காதலரும்' என்பது அதுவே. ஆசிரியராயிருந்தபோது முடிக்க இயலாததை ஓய்வு முடித்துவைத்தது என்பது வெளிப்படை. ஓய்வின் பயன் இவ்வளவே எனின், அஃது நேரத்தின் பயனே ஆகும்.

ஆனால் ஓய்வு தந்த பெருங்கொடை 1915ஆம் ஆண்டு வெளிவந்த 'வானவில்' என்னும் நாவலிலேதான் காணப்படுகின்றது. பாடசாலையை விட்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின்னரே பாடசாலை அவர் நாவலினுள் முழு உருவத்தோடு புகுந்தது. ஊர்சுலா என்னும் இளம்பெண் வறியோர் பயிலும் பாடசாலை ஒன்றில் 50க்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பொறுப்பேற்கின்றாள். அன்பினால் ஆளலாம் என்று நம்பி வருகின்றாள். வகுப்பு அவளை ஏளனஞ் செய்கின்றது; தலைமையாசிரியர் ஹார்பி அவளைத் துச்சமாக மதிக்கின்றார். ஈற்றில் ஒரு மாணவனைப் பிரம்பால் அடித்து அடக்குகின்றாள். வகுப்பு பணிகின்றது. வென்றவள் ஊர்சுலா; ஆனால் அவ்வெற்றிக்கு அவள் கொடுத்த விலை அவளுடைய மென்மை. அடியுண்ட சிறுவனின் துன்பத்தையும் அடித்தவளின் உள்ளத்தில் நேர்ந்த சிதைவையும் லோறன்ஸ் ஒரே தட்டில் வைக்கின்றார். ஹார்பியுங்கூட வெறுங் கொடியவரல்லர்; தம் ஆற்றலுக்குச் சிறிதான ஒரு தொழிலிலே சிறைப்பட்ட மனிதர். இங்கு ஆசிரியர் நல்லவரா தீயவரா என்னும் வினா மறைந்து, பிள்ளைகளைத் திரளாக்கி ஆளுமாறு பணிக்கும் ஏற்பாடு மனிதரை என்ன செய்கின்றது என்னும் வினா எழுகின்றது. நிறுப்பவர் தட்டில் ஏறிவிட்டார்.

ஓய்வின்றியும் ஆசிரியர் சிறந்த நாவலை எழுதியதுண்டே என்று தடை நிகழ்த்தலாம். வில்லியம் கோல்டிங் சால்ஸ்பரி நகரப் பாடசாலையொன்றிற் கற்பித்துக்கொண்டே 'ஈக்களின் அதிபதி' என்னும் நாவலை எழுதினார். அது 1954இல் வெளிவந்தது. 1960களின் தொடக்கத்திலேதான் அவர் தொழிலை விட்டார். இத்தடை மேற்கூறிய கருத்தை அழிப்பதன்று, அதனைத் தெளிவாக்குவதே. கோல்டிங் தாம் அறிந்த சிறுவர்களை ஆளற்ற தீவொன்றில் இறக்கி, அங்கு ஆசிரியர் எவரும் இல்லாதவாறு செய்தார். மணியும் பிரம்பும் இல்லாத இடத்திலே ஒழுங்கு எவ்வாறு தோன்றுகின்றது, எவ்வாறு அழிகின்றது என்பதே அவர் ஆய்வு. ஈற்றில் வந்து சேரும் கடற்படை அதிகாரியோ போரில் ஈடுபட்டவர். சிறுவரைக் கண்டிக்கும் தகுதி அவருக்கும் இல்லை என்பது குறிப்பாற் பெறப்படும். லோறன்ஸுக்கு ஆண்டுகள் அளித்த தொலைவைக் கோல்டிங்குக்கு அத்தீவு அளித்தது.

ஆகவே ஆசிரியர் எழுதுவதற்கென விடுமுறை பெறுவது தவறன்று. லோறன்ஸுக்கு அது உயிர் காத்ததுமாயிற்று. ஆனால் விடுமுறை பாடசாலையினின்று மட்டும் பெறப்படுமாயின், மேசையில் இருந்து கதை எழுதுபவர் முன்போலவே விடைத்தாள் திருத்துபவராகவே இருப்பார், பாத்திரங்களுக்குப் புள்ளியிடுவார், முடிவிலே நீதி புகட்டுவார். எப்பொழுதும் சரியானவர் தாமே என்னும் அந்த இருக்கையினின்றும் விடுமுறை பெறுதல் வேண்டும். அது வாய்த்தபின், பலராலும் பகையெனக் கருதப்படும் வகுப்பறையே வற்றாத கருவூலமாகும். தாம் விட்டு நீங்கிய பாடசாலையினின்றே லோறன்ஸ் தம் மிகச் சிறந்த பக்கங்களுட் சிலவற்றைப் பெற்றார் என்பதை 'வானவில்' படிப்போர் உணர்வர்.