‘கடும் இன்னல்’: எவ்வளவு கடுமையா இருந்தா போதும்?

அமெரிக்கக் குடியேற்றம் பற்றித் தமிழில் எழுதப்படுவதில் பெரும்பகுதி எச்-1பி, கிரீன் கார்டு வரிசை இவற்றோடு முடிஞ்சிடுது. அதே நாட்டில் இன்னொரு வரிசையும் இருக்கு. அனுமதியில்லாமல் தங்கிவிட்ட ஒருவருக்காக, குடியுரிமை உள்ள கணவனோ மனைவியோ பிள்ளையோ மனுப் போட்டு, அந்த மனுவின் பின்னால் தடைவிலக்கு கேட்கிறவர்களின் வரிசை. அந்த விலக்கு ‘எக்ஸ்ட்ரீம் ஹார்ட்ஷிப்’ என்ற இரண்டு சொற்களில் தொங்குகிறது. தமிழில் கடும் இன்னல் என்று வைத்துக்கொள்வோம். யூஎஸ்சிஐஎஸ் கொள்கைக் கையேட்டில் இதற்கென்றே ஒரு பகுதி உண்டு. ஒரு ஸ்பெக்கைப் படிக்கிற மாதிரி அதையும் அதன் பின்னால் உள்ள சட்டத்தையும் படித்ததில் தோன்றியவை இங்கே.

முதலில் பூட்டு

1996 செப்டம்பரில் கையெழுத்தான சட்டம்தான் இந்தப் பூட்டைப் போட்டது. 180 நாளுக்கு மேல், ஒரு வருடத்துக்குள் அனுமதியின்றி இருந்துவிட்டு வெளியேறினால் 3 வருடம் திரும்ப வரமுடியாது. ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் 10 வருடம். கவனிக்கவேண்டிய இடம், ‘வெளியேறினால்’ என்பது. உள்ளேயே இருக்கும்வரை இந்தத் தடை விழாது.

விசாவில் வந்து காலம் கடந்து தங்கியவர், குடிமகனைத் திருமணம் செய்திருந்தால் பெரும்பாலும் உள்ளிருந்தபடியே கிரீன் கார்டு கேட்கலாம். எல்லையைக் கடந்து வந்தவருக்கு அந்த வழி இல்லை. 245(ஐ) என்ற பிரிவு, 1,000 டாலர் அபராதம் கட்டினால் அதை அனுமதித்தது. ஆனால் 2001 ஏப்ரல் 30-க்குள் மனு போட்டவர்களோடு அது நின்றுபோச்சு. ஆக, கிரீன் கார்டு வாங்க வெளியே போகணும். வெளியே போனா 10 வருடத் தடை. எங்க தொழிலில் இதை டெட்லாக் என்போம்.

2013-இல் ஒரு நல்ல பேட்ச் வந்தது. ஐ-601ஏ படிவம். நாட்டைவிட்டுப் போகும் முன்பே தற்காலிக விலக்கு வாங்கிக்கொள்ளலாம். பிறகு நேர்காணலுக்குப் போகலாம் (மெக்சிகோக்காரர்கள் என்றால் சியூடாட் வாரெஸ் தூதரகத்துக்கு). 2016-இல் இதை நிரந்தரக் குடியுரிமை உள்ளவர்களின் குடும்பங்களுக்கும் விரிவாக்கினார்கள். ஆனால் அங்கே அதிகாரி வேறொரு தடையைக் கண்டுபிடித்தால் அந்த விலக்கு தானாகவே ரத்து. ஆள் வெளியே, குடும்பம் உள்ளே.

யாருடைய இன்னல்?

பூட்டைத் திறக்கும் சாவிதான் கடும் இன்னல். விண்ணப்பிப்பவர் படும் துன்பம் அப்படியே கணக்கில் வராது. அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தரக் குடியுரிமையோ உள்ள கணவன், மனைவி, தாய், தந்தை இவர்களுடைய துன்பம் மட்டுமே வரும். பிள்ளைகள் பட்டியலில் இல்லை.

இதன் விளைவைப் பாருங்க. அமெரிக்காவில் பிறந்த மகனுக்கு 21 வயதாகிறது. அம்மாவுக்காக ஐ-130 மனுப் போடுகிறான். அரசு ஏற்றுக்கொள்கிறது. அடுத்த கட்டத்தில், அம்மா இல்லாவிட்டால் யாருக்குக் கஷ்டம் என்ற கேள்வி. மகனுக்கு என்றால் அந்தப் பதில் செல்லாது. அம்மாவுக்கு அங்கே தகுதியுள்ள கணவரோ பெற்றோரோ இல்லையென்றால் விலக்கே கேட்கமுடியாது. மனுப் போட மட்டும் அவன் மகன். பிரிவுக்கு வருந்த அவனுக்குத் தகுதியில்லை.

பிள்ளைகளைச் சட்டத்துக்குத் தெரியாது என்றும் சொல்லமுடியாது. அதே சட்டத்தின் 212(எச்) பிரிவு சில குற்றங்களுக்கான விலக்கு. அதில் மகன், மகள் இன்னலும் கணக்கில் உண்டு. அதாவது, சில வகைக் குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர் தன் பிள்ளையின் கஷ்டத்தைக் காட்டலாம். அனுமதியின்றித் தங்கியது தவிர வேறெதுவும் செய்யாதவர் காட்டமுடியாது. இதை நியாயப்படுத்தும் காரணம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

எவ்வளவு இன்னல்?

சட்டம் இந்தச் சொல்லை வரையறுக்கவே இல்லை. 1981-இல் ஒரு கொரியத் தம்பதியின் வழக்கில், இந்தச் சொல்லைக் குறுக்கிப் பொருள்கொள்ள அரசுக்கு அதிகாரம் உண்டு என்றது உச்ச நீதிமன்றம். அதன் தொடர்ச்சியாகத் தீர்ப்புகளில் ஊறிப்போன கருத்து: குடும்பம் பிரிவது, வருமானம் குறைவது, பிடித்த வேலை செய்ய முடியாமல்போவது, புது நாட்டில் ஒட்டிக்கொள்ளச் சிரமப்படுவது எல்லாம் ‘வழக்கமான விளைவுகள்’. தனியாக அவை போதாது.

இதில்தான் எனக்குப் பெரிய முரண்பாடு. ஒரு துன்பம் எல்லாருக்கும் நேர்வதால் அது சிறிதாகிவிடுமா? சாவு எல்லா வீட்டிலும் விழுது. அதனால் ஒப்பாரி வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. அரசே ஒரு பிரிவை எல்லா வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டு, ‘இது சகஜம்தானே’ என்று தள்ளுவது வாதமே இல்லை.

கையேட்டுக்குரிய பாராட்டையும் சொல்லிடணும். 2016 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பகுதி, முன்பைவிடத் தெளிவானது. பல சாதாரணத் துன்பங்கள் சேர்ந்தால் கடும் இன்னல் ஆகலாம் என்கிறது. பிரிந்திருப்போமா, கூடப் போவோமா என்று குடும்பமே உறுதிமொழி கொடுத்து, அந்த ஒரு நிலையின் இன்னலை மட்டும் நிரூபிக்கலாம் என்கிறது. உடல் ஊனம், ராணுவச் சேவை போன்றவற்றுக்குத் தனி எடை தருகிறது.

ஆனாலும் நிரூபிப்பது காகிதத்தில்தான். மருத்துவர் கடிதம், மனநல மதிப்பீடு, வங்கிக் கணக்கு, சொந்தநாட்டு நிலவரம் பற்றிய அறிக்கை என்று கோப்பு தடிக்கணும். படிவக் கட்டணமே 2024 ஏப்ரலிலிருந்து 795 டாலர். வக்கீல் செலவு தனி. தன் மனைவி இல்லாமல் தான் எப்படி உடைந்துபோவோம் என்பதை நன்றாக எழுதத் தெரிந்தவருக்கு, எழுதவைக்கக் காசு உள்ளவருக்குச் சாதகம். பல்லைக் கடித்துச் சமாளிக்கிறவரின் கோப்பு மெலிதாகவே இருக்கும். ஐ-601ஏ மறுக்கப்பட்டால் மேல்முறையீடு கிடையாது. திரும்பப் பணம் கட்டித் திரும்ப விண்ணப்பிக்கலாம்.

எதிர்வாதம்

விதியை மீறியவருக்கு விலை இருக்கவேண்டாமா, எல்லாருக்கும் விலக்கு என்றால் தடை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வெளியேறினால்தான் தண்டனை என்று எழுதப்பட்ட விதி, ஆட்களை வெளியே போகவிடாமல் உள்ளேயே உட்காரவைக்கும். விலை வசூலிப்பதுதான் நோக்கம் என்றால் 245(ஐ)-யின் அபராதம் அதைச் செய்தது. அதை மூடிவிட்டு, விலையைக் குடிமக்களான கணவன்மார், மனைவிமார், பிள்ளைகள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

நிர்வாக ஆணையால் சரிசெய்யும் முயற்சி நிலைக்காது என்பதும் தெரிந்துவிட்டது. குடிமக்களின் துணைவர்கள் வெளியே போகாமலே விண்ணப்பிக்க வழிசெய்த திட்டம் 2024 ஆகஸ்ட் 19-இல் தொடங்கியது. நவம்பர் 7-இல் டெக்சாஸ் நீதிமன்றம் அதை ரத்துசெய்தது.

ஆக, கைவைக்க வேண்டியது சட்ட வாசகத்திலேயே. பெரிய சீர்திருத்தம்கூட வேண்டாம். 212(எச்)-இல் இருக்கும் ‘மகன் அல்லது மகள்’ என்ற மூன்று சொற்களைத் தங்கியதற்கான விலக்குப் பிரிவிலும் சேர்த்தால், 21 வயதில் அம்மாவுக்காக மனுப் போடுகிறவனின் பேச்சு குறைந்தபட்சம் காதில் விழும். காப்பி-பேஸ்ட் வேலைதான். 1996-இலிருந்து யாரும் செய்யவில்லை.