கூரை மேல் ஒரு கம்பி

கலிபோர்னியாவின் டெஹாச்சப்பி மலையில், 1876-இல் முடிந்த ரயில் பாதை தன்னையே ஒரு முறை சுற்றிக்கொண்டு 77 அடி மேலேறுகிறது. நீளமான சரக்கு ரயில் வந்தால் அதன் தலை, தன் வாலுக்கு மேலேயே போகும். அதைப் பார்க்கக் காரில் காத்திருப்பவர்களுக்குக் கால அட்டவணை கிடையாது, காதுதான் துணை.

அமெரிக்க ரயில்களின் ரேடியோ பேச்சு பெரும்பாலும் 160, 161 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அதைக் கேட்கும் ரேடியோ ஸ்கேனரோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனாவைக் காருக்குள் வைத்தால் இரைச்சல்தான் மிஞ்சும். சுற்றியுள்ள தகரம் அலையைத் தடுக்கிறது. காந்த அடியுள்ள ஒரு கம்பியைக் கூரையின் நடுவில் ஒட்டிப் பாருங்கள். சுமார் 46 சென்டிமீட்டர், அலைநீளத்தில் கால்பங்கு. மீதி வேலையைக் கூரைத் தகடு பார்த்துக்கொள்ளும். உள்ளே எதிரியாக இருந்த தகரம் இப்போது கூட்டாளி! எனக்கு இதில் பிடித்ததே இந்தக் கட்சி மாறல்தான். ஓரத்தில் ஒட்டினால் ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் மந்தமாகவும் கேட்கும்.

கம்பியிலிருந்து ஸ்கேனருக்கு வரும் கேபிளை வீணாக நீட்டக் கூடாது. பெருக்கி வாங்க ஆசை வரும். அது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்.

தொலைவில், ரயிலைச் சோதிக்கும் தண்டவாளத்தோரப் பெட்டி ஒன்று, ரயில் தன்னைக் கடந்ததும் ரேடியோவில் இயந்திரக் குரலில் சொல்கிறது: பழுதில்லை, அச்சுகள் இத்தனை. மெலிந்த குரல்தான், மலை மறைக்காவிட்டால் கம்பி பிடித்துவிடும். ரயில் இன்னும் கண்ணில் படவில்லை. காபியை மூடி வைத்துவிட்டு இறங்கி நிற்கலாம்.